உப்பும் டம்ளரில் ஊற்றினால் நிறைகிறதே!

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஐந்தாம் வகுப்பில் திண்மம், நீர்மம், வாயுப் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து வரையறையைக் கரும்பலகையில் எழுதித் தொடங்காதே. “நீர்மம் கலத்தின் வடிவத்தை ஏற்கும்” என்று நீ எழுதி முடிப்பதற்குள், கடைசி வரிசைக் குறும்பன் ஒருவன் எழுந்து, “உப்பும் டம்ளரில் ஊற்றினால் நிறைகிறதே டீச்சர், அது நீர்மமா?” என்பான். யாரும் கேட்காவிட்டால் நீயே கேள். அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. தூள் உப்பை மேசையில் கொட்டினால் குவியலாக நிற்கும். தண்ணீர் அப்படி நிற்காது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு பரலும் தன் வடிவத்தை விடாமல் குட்டிக் கட்டையாக இருப்பது தெரியும். பரல் திண்மம்தான், பல பரல்கள் சேர்ந்து உருளுகின்றன, அவ்வளவே.

துகள்களைப் பற்றிச் சொல்லும்போது படங்களை அப்படியே நம்பிவிடாதே. பல படங்களில் நீர்மத்தின் துகள்களை இடைவெளி விட்டுத் தூவியிருப்பார்கள். உண்மையில் அவை திண்மத்தில் இருப்பதுபோலவே நெருக்கமாகத்தான் இருக்கின்றன. ஒன்றையொன்று தாண்டி நழுவ முடிகிறது என்பதுதான் வேறுபாடு. மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் இரண்டு வாங்கு. ஒன்றில் காற்றும், மற்றதில் குமிழி இல்லாமல் தண்ணீரும் இழுத்து, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தச் சொல். காற்று அமுங்கிக் கொடுக்கும். தண்ணீர் அசையவே அசையாது. எங்கே வெற்றிடம் அதிகம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கோத்தகிரியில் வேலை கிடைத்ததற்கு இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை நீ கொடுத்துவைத்தவள். மதுரையில் என் தேங்காய் எண்ணெய் வருடம் முழுவதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உனக்கோ காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. 24, 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அது உருகும் என்பதால், ஒரே எண்ணெய் இங்கே நீர்மம், அங்கே திண்மம். பாட்டிலை வகுப்புக்கே எடுத்துப் போய் வெயிலில் வை.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று எழுதிப்போடும்போது மட்டும் “கடல் மட்டத்தில்” என்று சேர்த்துக்கொள். உன் ஊர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டாயே, காரணம் இதுதான். குக்கரில் வை.

பிள்ளைகள் மூடுபனியை வாயு என்பார்கள். உடனே திருத்தாதே. கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கெண்டி மூக்கின் வாயருகே ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் இடத்தைத் தூர நின்றே கவனிக்கச் சொல். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் இருப்பதுதான் நீராவி. சற்றுத் தள்ளி வெண்மையாகத் தெரிவது, குளிர்ந்து மறுபடி தண்ணீரான நுண்துளிகள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பனியும் அப்படித்தான். கெண்டிப் பக்கம் யாரையும் விடாதே. நீராவி சுட்டால் வெந்நீரைவிட மோசம்.

பொங்கலுக்கு வரும்போது அவர்கள் கேட்ட கேள்விகளை எழுதி எடுத்து வா. கம்பளியும் இன்னொன்று அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா