மூன்றாவது மாடியில் ஒரு பூனைக்குட்டி

அன்புள்ள கயல்,

தெருவில் கிடைத்த பூனைக்குட்டி என்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணின் நீலம் இன்னும் முழுக்கக் கலையவில்லை. ஏழு வாரக் குட்டியாக இருக்கும். வாயைத் திறந்து பார். கோரைப்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் சின்னப் பற்கள் முளைத்திருந்தால் பால்குடி தாண்டிய குட்டி, ஃபில்லரால் பால் புகட்டத் தேவையில்லை, தானே சாப்பிடும். வாலைத் தூக்கியும் ஒரு தடவை பார். இரண்டு துளைகளும் நெருங்கி, கீழே உள்ளது கோடு மாதிரி இருந்தால் பெண். ஒரு செ.மீ. தள்ளி இரண்டும் புள்ளியாக இருந்தால் ஆண். படத்தில் வெள்ளை, கறுப்பு, செம்மை மூன்றும் தெரிகிறதே, அப்படிக் கலந்து வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான்.

கண்ணு, ஒன்றை முதலிலேயே மனதில் வை. பூனைக்குட்டியை அதட்டிப் பழக்க முடியாது. அடித்தால் செய்த காரியத்தை விடாது, அடித்தவரைக் கண்டு பதுங்கும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் அப்படித்தான். செய்யக்கூடாததற்கு வழி இல்லாமலும், செய்ய வேண்டியது கைக்கெட்டின தூரத்திலும் இருக்கிற மாதிரி வீட்டை ஒழுங்குபண்ணு. குட்டி தானாகப் பழகிவிடும்.

முதல் மூன்று, நான்கு நாள் வீடு முழுக்கத் திறந்துவிடாதே. சின்ன ரூம் போதும். ஒரு மூலையில் சாப்பாடு, எதிர் மூலையில் லிட்டர் டிரே, அதாவது அது மலஜலம் கழிக்க மண் போட்ட தட்டு, நடுவில் ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே பழைய பருத்திப் புடவை. கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் கையை விட்டு இழுக்காதே. தரையில் உட்கார்ந்து புத்தகம் படி. அதுவாக வந்து உன் காலை மோப்பம் பிடிக்கட்டும். பெரிய இடத்தில் விட்டால் சாப்பாடு எங்கே, டிரே எங்கே என்று அதற்கு நினைவிருக்காது. சோபாவுக்குப் பின்னால் போய் இருந்துவிடும். அதைக் குறும்பு என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

தினமும் ஒரே நேரத்தில் எடை போடு. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து எடையை பூஜ்யமாக்கிவிட்டு குட்டியை உள்ளே உட்கார வை. இந்த வயதுக்கு 600 முதல் 750 கிராம் இருக்கலாம், தெருக்குட்டி கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். முக்கியம், ஏறிக்கொண்டே இருக்கிறதா என்பதுதான். வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏற வேண்டும். இரண்டு நாள் ஏறாமல் நின்றால் கவனி. குறைந்தாலோ, அரை நாளுக்கு மேல் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோ. பெரிய பூனை ஒரு நாள் பட்டினியைத் தாங்கும். குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கி உடம்பு சில்லிட்டுப் போகும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீட்டு வழக்கம் உதவாது. பால்சோறும் தயிர்சோறும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பூனை சுத்தமான மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதுமான அளவுக்குத் தயாரித்துக்கொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகுதான் கேட் ஃபுட் கம்பெனிகள் அதன் அளவைக் கூட்டின. நாய்த்தீனியைப் பூனைக்குப் போடக்கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

அதனால் பையில் ‘கிட்டன்’ என்று போட்டிருக்கும் தீனியாகவே வாங்கு. 700 கிராம் குட்டிக்கு ஒரு நாளைக்கு 35, 40 கிராம் டிரை ஃபுட் போதும், அதை நான்கு வேளையாகப் பிரி. முதல் வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடு. எடை ஏற ஏறப் பையின் பின்னால் உள்ள அட்டவணையைப் பார்த்து அளவைக் கூட்டு. நான்கு மாதத்துக்கு மேல் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. கோழி கொடுக்க ஆசையாக இருந்தால் உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து, எலும்பு எடுத்து, ஒரு ஸ்பூன் அளவு கொடு. மீனும் அப்படியே. பச்சை நெத்திலி போடாதே, அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், வெந்தால் அந்த நொதி செத்துவிடும். தண்ணீரை அகலமான கிண்ணத்தில், சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி வை. ஒட்டி வைத்தால் பல பூனைகள் குடிக்காது.

இப்போது டிரே. நீ கவலைப்பட்டு எழுதியது இதைப் பற்றித்தான். மண்ணைத் தோண்டி மூடுவது குட்டிக்குப் பிறவியிலேயே வருவது, நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது இடத்தை மட்டும்தான். விளிம்பு 5, 6 செ.மீ. உயரமே உள்ள தட்டையான பிளாஸ்டிக் தட்டு எடு. மூன்று, நான்கு செ.மீ. உயரத்துக்கு மண் போடு. ஈரம் பட்டால் கட்டிபிடிக்கும் பென்டோனைட் மண் இந்த வயதில் வேண்டாம். குட்டி எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும், அது வயிற்றுக்குள் போய்க் கட்டியாகிவிடும். மரத்தூள் உருண்டையோ, சலித்து வெயிலில் காயவைத்த ஆற்று மணலோ போதும். மணல் சீக்கிரம் நாறும், தினமும் மாற்ற வேண்டும். மூன்று மாதம் முடிந்த பிறகு கட்டிபிடிக்கும் மண்ணுக்கு மாறிக்கொள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் தூக்கி டிரேயில் விடு. அதன் காலைப் பிடித்து மண்ணைப் பறிக்க வைக்காதே, பயந்துவிடும். உன் விரலாலேயே இரண்டு தடவை கீறிக் காட்டு. வேறெங்காவது போய்விட்டால் மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்காதே. அந்த மலத்தில் கொஞ்சம் எடுத்து டிரேயில் போடு, வாசனையே வழி காட்டும். தரையைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடை. அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், அது சிறுநீர் மாதிரியே மணப்பதால் திரும்பவும் அங்கேயே போகும்.

இவ்வளவும் செய்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வெளியே போனால், பெரும்பாலும் டிரேதான் காரணம். அழுக்காக இருக்கும், வாஷிங் மெஷின் பக்கத்தில் இருந்து சத்தத்தில் மிரண்டிருக்கும், அல்லது மண்ணின் பிராண்டை ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள். காலையும் மாலையும் அள்ளு, வாரம் ஒருமுறை கழுவிக் காயவை. பூனை வளர்ந்ததும் அதன் உடம்பைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள டிரேக்கு மாறு. இதெல்லாம் சரியாக இருந்தும் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கினால் உடம்பில் கோளாறு. முக்கியும் சிறுநீர் வரவேயில்லை என்றால், அதிலும் ஆண் பூனை என்றால், விடியும்வரைகூடக் காத்திருக்கக்கூடாது.

தினமும் அள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி, வெளியே வந்து குறைந்தது ஒரு நாள் ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம் என்பதால், நாளைப்பின்னே நீ உண்டாகியிருக்கும்போது டிரே வேலையை மாப்பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும். பூனையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டியதில்லை.

கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். கூடப்பிறந்த குட்டிகளோடு உருளும்போதுதான் எவ்வளவு பலமாகக் கடித்தால் மற்றதுக்கு வலிக்கும் என்று ஒரு குட்டி தெரிந்துகொள்ளும். தனியாக வந்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுவிட்டது. அதை நீங்கள் இரண்டு பேரும் முடிக்க வேண்டும். கையை விளையாட்டுப் பொருளாகக் காட்டவே கூடாது. மாப்பிள்ளை போர்வைக்கடியில் விரலை ஆட்டுவதைச் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாய், அதை இன்றோடு நிறுத்தச் சொல். இப்போது அந்தப் பல் ஊசி மாதிரி. ஆறு மாதத்துக்குள் எல்லாப் பல்லும் விழுந்து முளைத்து, தாடையும் பலப்பட்டுவிடும். அப்போது அதே விளையாட்டில் ரத்தம் வரும்.

பாய்வதற்கு முன் குட்டி சொல்லிவிட்டுத்தான் பாயும். கண்மணி கறுத்து விரியும், காது பக்கவாட்டில் படியும், வால் நுனி மட்டும் துடிக்கும், பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டும். அதைப் பார்த்ததும் ஒரு குச்சியில் துணி கட்டிய பொம்மையைத் தரையோடு தரையாக இழுத்து அந்தப் பக்கம் திருப்பு. கையைக் கவ்விவிட்டால் வெடுக்கென்று இழுக்காதே, ஓடுகிற இரை என்று நினைத்து இன்னும் இறுக்கும். கையை அசைக்காமல் வை. பிடி தளர்ந்ததும் எழுந்து போய்விடு. ஒரு நிமிடம் அதைப் பார்க்கவே வேண்டாம். கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்பது இரண்டு மூன்று வாரத்தில் அதற்குப் புரியும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்தால்தான் புரியும்.

ராத்திரி மூன்று மணிக்கு ஓடுகிறது என்பதற்கும் மருந்து விளையாட்டுதான். நீங்கள் படுப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு, கடைசியில் பொம்மையைப் பிடிக்கவிட்டு, உடனே கடைசி வேளைச் சாப்பாட்டைப் போடு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம், இது அதன் உடம்பிலேயே உள்ள வரிசை. விடியற்காலை கத்தும்போது எழுந்து தீனி போட்டால் அந்த நேரத்தையே மணியாக வைத்துக்கொள்ளும்.

சோபாவைக் கீறுவதைத் தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். 80, 90 செ.மீ. உயரக் கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றி, அகலமான பலகையில் ஆடாமல் ஆணியடி. ஆடினால் திரும்பிக்கூடப் பார்க்காது. தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வை, எழுந்ததும் நெளித்துக் கீறுவது வழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டு. தூக்கக் கலக்கத்தில் மடியில் இருக்கும்போது விரலை மேலும் கீழுமாக மெதுவாக அழுத்து, நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு திரி தெரியும், அது உயிர்ச்சதை. அதற்கு இரண்டு மி.மீ. முன்னால், கண்ணாடி மாதிரி இருக்கும் கொக்கி நுனியை மட்டும் வெட்டு. ஒரு நாளைக்கு இரண்டு நகம் வெட்டினால்கூடப் போதும்.

ஆபத்துகளில் நம் வீடுகளுக்கே உரியதைச் சொல்கிறேன். பினாயில் ஊற்றித் துடைக்காதே. குட்டி அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்கும், பீனால் வகைகளைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. டெட்டாலும் அப்படித்தான். அதே காரணத்தால் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். காய்ச்சல் என்று தோன்றினாலும் நம் மருந்தைக் கொடுக்காதே. பீரோவில் போடும் அந்துருண்டை, பூஜைக் கற்பூரம் இரண்டையும் மூடி வை. லில்லிப் பூ உள்ள பொக்கே வீட்டுக்குள் வரவே கூடாது, அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். தொட்டியில் செங்காந்தள் இருந்தால் அதையும் கொடுத்துவிடு. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது விஷம். தெள்ளுப்பூச்சிக்குச் சின்னப் பல் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொல். ஈறு வெளுத்திருந்தால் தெள்ளு ரத்தத்தை நிறையக் குடித்திருக்கிறது, டாக்டரைப் பார்.

எல்லாவற்றையும்விட நூல். பூக்கட்டும் நூல், தையல் ஊசியில் கோத்த நூல், ரப்பர் பேண்டு, தலைமுடி கட்டும் பேண்டு எல்லாம் டப்பாவுக்குள் போகட்டும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்பக்கம் பார்த்து வளைந்தவை, வாய்க்குள் போன நூலைத் துப்ப வராது. குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தொங்கினால் இழுக்காதே, வெட்டாதே, அப்படியே டாக்டரிடம் ஓடு. பொம்மைக் குச்சியையும் விளையாடி முடித்ததும் எடுத்து உள்ளே வை.

பால்கனிக்கு வலை அடிக்காமல் கதவைத் திறக்காதே. மூன்று செ.மீ.க்கு மேல் கண்ணி இல்லாத வலையாகப் பார்த்து, கீழ் விளிம்பையும் இறுக்கிக் கட்டச் சொல். பூனை விழுந்தால் காலில்தான் நிற்கும் என்பது உண்மைதான். நின்றும் தாடையும் நெஞ்சும் காலும் உடையும். வாஷிங் மெஷினைப் போடுவதற்கு முன் உள்ளே கை விட்டுப் பார்.

டாக்டரிடம் இந்த வாரமே போ. எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுப்பார்கள். எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. பான்லியுகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசி எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம்வரை. கடைசி ஊசியை விடாதே. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புசக்தி முன் ஊசிகளின் வேலையைக் கெடுத்திருக்கலாம் என்பதால்தான் அதுவரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பன்னிரண்டு வாரத்தில் வெறிநோய் ஊசி. தெருவில் கிடைத்த குட்டி என்பதால் கடியோ, ரத்தம் வரும் கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இதுவரை பட்டதையும் சொல்லுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவே கூடாது. பெண் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம், கருத்தடைக்கு இப்போதே தேதி கேட்டு வை.

தூக்கிக்கொண்டு போகும் கூடையை இன்றே வாங்கி, கதவைத் திறந்து அந்த ரூமிலேயே போட்டு வை. தினமும் ஒரு வேளை சாப்பாட்டை அதற்குள் வை. டாக்டரிடம் போகும் அன்றைக்கு மட்டும் கூடை வெளியே வந்தால், அடுத்த தடவை நீ அலமாரியைத் திறக்கும்போதே கட்டிலுக்கடியில் போய்விடும். சாப்பாடு வைக்கும்போதெல்லாம் பேரைச் சொல்லிக் கூப்பிடு, திட்டும்போது அந்தப் பேரைச் சொல்லாதே. தினமும் ஒரு நிமிடம் காது, வாய், பாதம் தொட்டுப் பார்த்து, ஒரு பருக்கை தீனி கொடு. பின்னாளில் டாக்டர் கையில் அமைதியாக நிற்கும்.

சனிக்கிழமை காலை எடையை வாட்ஸ்அப்பில் போடு. மலம் எப்படி இருக்கிறது என்றும் எழுது, கூச்சப்படாதே. பேர் வைத்தாயிற்றா?

அன்புடன்,
அம்மா