மைக் வரிசையில் மூன்றாவது ஆளாக

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்றிரவுதான் வீடு திரும்பினோம். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. அப்பா வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அதில் காலை வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதுவும் இல்லாமல், ஒரு விஷயத்தை உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாக வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றுகிறது.

அட்லாண்டா ஹோட்டல்களில் நடக்கும் நம் டிராகன் கான் ரசிகர் விழாவுக்கு நீ இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. வழக்கம்போல டோராவில் ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு மார்ட்டா ரயில் ஏறினோம். பெட்டி முழுக்க இறக்கை கட்டியவர்களும் வாள் பிடித்தவர்களும். பீச்ட்ரீ சென்டர் ஸ்டேஷனில் இறங்கி, பாறையைக் குடைந்த சுவர்களைத் தாண்டி, அந்த நீள எஸ்கலேட்டரில் ஏறும்போது உன் ஞாபகம் வந்துவிட்டது. பதின்மூன்று வயதில் அதே இடத்தில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாய். இந்தத் தடவை தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் தடுமாறிவிடுவேன் என்று அவனுக்குப் பயம்.

ஊர்வலம் பார்த்தோம், மேரியட் மார்க்கீ ஹோட்டலின் பத்தாவது மாடியிலிருந்து கீழே வேஷம் போட்டவர்களைப் பார்த்தோம். அதெல்லாம் தம்பி அனுப்பிய படங்களில் இருக்கும். நான் பேனல்களைப் பற்றி, நடிகர்கள் மேடையில் உட்கார்ந்து பேசும் அந்த நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் அரங்கை மொத்தமாகக் காலி செய்து, அடுத்ததற்கு முதலிலிருந்து வரிசையில் நிற்க வைப்பது இன்னும் மாறவில்லை. வரிசை ஹோட்டலுக்கு வெளியே போய், மூலை திரும்பி, வெயிலில் நின்றது. அப்பா ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவரோடு பழைய விண்வெளித் தொடர்களைப் பற்றி அவ்வளவு பேசினார். நீ பார்த்திருந்தால் உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

முதல் வருஷம், 2008, ஞாபகம் இருக்கிறதா? கையெழுத்துக்கும் போட்டோவுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும், பேனல் மட்டும் நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கம் என்று தெரிந்ததும், பேனல் போதும் என்று சொல்லிவிட்டேன். உனக்கு முகம் சுருங்கிப்போனது. அதை நினைத்து ரொம்ப நாள் எனக்கு வருத்தம். ஆனால் அதனால்தான் நமக்கு அந்த வரிசைகள் கிடைத்தன. ஹோட்டல் கார்ப்பெட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே நீ எனக்கு ஸ்டார் ட்ரெக் என்ற அந்த விண்வெளித் தொடரைப் பற்றிப் பாடம் எடுத்தாய். எனக்கு ஒரு கப்பலுக்கும் இன்னொரு கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நிஷெல் நிக்கல்ஸ் கதையைச் சொன்னாய். கப்பலில் தகவல் தொடர்பு அதிகாரி ஊஹுராவாக நடித்தவர். தன் வசனங்களை வெட்டிக்கொண்டே வந்ததில் மனம் நொந்து, முதல் சீசன் முடிந்ததும் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த வார இறுதியில் ஒரு நிதி திரட்டும் விழாவில், உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க வந்திருக்கிறார் என்று யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் லூதர் கிங். தன் வீட்டில் பிள்ளைகளைத் தூங்கப் போகாமல் பார்க்க விடும் ஒரே தொடர் இதுதான், நீங்கள் விலகவே கூடாது என்று அவர் சொல்ல, திங்கட்கிழமை இவர் திரும்பிப் போனார். பின்னாளில் 1977இல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் கறுப்பினத்தவர்களையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அடுத்த வருஷம் தேர்வான குழுவில் சாலி ரைடும் கையன் புளுஃபோர்டும் இருந்தார்கள். இதையெல்லாம் நீ மூச்சு விடாமல் சொன்னாய்.

அன்றைக்கு என் கைப்பையில், இட்லி டப்பாவுக்கு அடியில், என் ராஜினாமாக் கடிதம் இருந்தது.

வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் வேறு யாராவது என் வாக்கியத்தை முடித்துவைப்பார்கள். என் உச்சரிப்பு புரியவில்லை என்று, நான் இரவெல்லாம் தயாரித்ததை இன்னொருவரை விட்டு வாசிக்கச் சொன்னார்கள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. திங்கள் லேபர் டே விடுமுறை, செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் ஒரு பேனலை விட்டுவிட்டு உன்னை ஆபர்ன் அவென்யூவுக்கு, கிங் பிறந்த வீட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேனே, இந்த வெயிலில் எதற்கு அம்மா என்று முணுமுணுத்தாய். அந்த ஹோட்டல்களிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்த வீட்டு வாசலுக்கு எதிரே நின்றபோதுதான், செவ்வாய்க்கிழமை கடிதம் கொடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. கொடுக்கவில்லை. அடுத்த மீட்டிங்கில் ஒருவர் என் வாக்கியத்தை முடிக்க வந்தபோது, நானே சொல்லி முடிக்கிறேன் என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் முடித்தேன். அங்கேயே இன்னும் பதினொரு வருஷம் வேலை பார்த்தேன். உன் கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளம்தான்.

2022 ஜூலையில் நிஷெல் நிக்கல்ஸ் இறந்த செய்தி வந்தபோது நீ போன் செய்தாய். நீ ஏன்மா இப்படி அழுகிறாய், ஒரு எபிசோட்கூட நீ ஒழுங்காகப் பார்த்ததில்லையே என்று கேட்டாய். பதில் சொல்லாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பதில்தான் இது.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். மேடையில் யார் என்று உனக்குத்தான் தெரியுமே. பேசி முடித்து, கேள்வி கேட்பவர்கள் மைக்குக்குப் பின்னால் நிற்கலாம் என்றதும் எப்படித்தான் எழுந்தேனோ தெரியவில்லை. தம்பி வாயைப் பிளந்தான். விட்டுவிடலாமா என்று தோன்றிய வருஷம் உங்களுக்கும் உண்டா, அப்போது உங்களைப் பிடித்து நிறுத்தியது யார் என்று கேட்கத்தான் போனேன். நெஞ்சு படபடக்க மனதுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது நேரம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் அப்பா என்ன கேட்க நினைத்தாய் என்றார். அரங்கை விட்டு வெளியே வரும் கூட்டத்தில், அந்த 2008 கடிதத்தைப் பற்றி முதன்முறையாக அவரிடம் சொன்னேன். உனக்கும் தெரிய வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

அடுத்த வருஷத்துக்கான நுழைவுச் சீட்டு இப்போது எடுத்தால் விலை குறைவு, நாள் ஆக ஆக ஏற்றிவிடுவார்கள். உனக்கு அந்த வாரம் லீவு கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், நாலாக எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா