நொய்யல் ஆற்றைக் காணொலியில் காட்டாதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான சுற்றுச்சூழல் கல்விப் பாடத்தின் திருத்தப்பட்ட வடிவம் போன வாரம் துறைகளுக்கு வந்தது. ஐந்தாம் அலகில் ‘களப்பணி’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘காணொலி பார்த்து அறிக்கை எழுதுதல்’ என்று இருக்கிறது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, பழையபடி களப்பணி என்றே போட்டு, அதற்கென்று ஒரு முழு நாளும் கொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்தப் பாடம் எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) முதலில் வகுத்துக் கொடுத்த ஆறு மாதப் பாடத்தில் மொத்தம் 50 வகுப்புகள். அதில் 5 வகுப்பு நேரம் களத்துக்கு, 100 மதிப்பெண்ணில் 25 களத்துக்கு. பக்கத்திலிருக்கும் மாசுபட்ட இடம் ஒன்றைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. காணொலி என்று அதில் எங்கும் இல்லை.

சரி, இதுவரை மட்டும் என்ன வாழ்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். போன பருவத்தில் என் மேசைக்கு 64 ரெக்கார்டு நோட்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே குளம். நடுவில் தாமரை, இடது ஓரம் கொக்கு, கீழே மூன்று மீன், ஒரு தவளை. கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் முழுதாக எழுதிய பிரதி கிடைக்கிறது, பார்த்து எழுதினால் ஒரு இரவில் முடிந்துவிடும். 64 பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவை உக்கடம் பெரியகுளத்துக்குப் போனதாக எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் தேதியைக்கூட மாற்றவில்லை. அது அவன் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருடம். உக்கடத்தில் நான் ஆகாயத்தாமரையைப் பார்த்திருக்கிறேன், இவர்கள் வரைந்த தாமரையை இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் 64 நோட்டிலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். அகமதிப்பெண் 23க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள், அப்படியே பார்த்துக்கொண்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் வணிகவியல் படித்தவள். யாருக்கு வாரப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் இந்தப் பாடம் விழும் என்பது நம் கல்லூரி வழக்கம். எனக்கு முன் தமிழ்த் துறையில் ஒருவர் எடுத்தார், அவருக்கு முன் உடற்கல்வி இயக்குநர். அதைப் பற்றி இப்போது புகார் இல்லை. எனக்குத் தெரியாததைப் படித்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். அப்படிப் படித்ததில்தான் முந்நூறு ரூபாய் சொச்சத்துக்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன், என் காசில். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், காட்டும் பேனா அளவுக் கருவி. வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்.

மேசையில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. கல்லூரி ஆர்.ஓ. தண்ணீர் 48. குழாயில் வரும் நல்ல தண்ணீர் 170. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, நொய்யல் ஆற்றில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள ஊர்க்காரி, குளிர்பான பாட்டிலில் வீட்டு போர்த் தண்ணீர் கொண்டு வந்திருந்தாள். 2,760. குடிக்கும் தண்ணீரில் 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண்தான்.

“மாட்டுக்கு இதைத்தானுங்க மேம் காட்டுறோம்” என்றாள்.

அப்போது இன்னொரு பையன் எழுந்தான். லீவு நாளில் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகிறவன். “லிட்டருக்கு அறுபது கிராம் உப்புப் போடுவோம் மேம், டார்க் கலருன்னா இன்னும் கூட. சாயந்தான் துணியில ஏறும், உப்பு தண்ணியிலயே நின்னுக்கும்” என்றான். என் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் இருந்ததை அவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான். சாதாரணச் சுத்திகரிப்பில் இந்த உப்புப் போகாது, அதனால்தான் கழிவுநீர் துளியும் வெளியே போகக்கூடாது என்ற விதி என்பதையெல்லாம் அன்றைக்கு அவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பாசனத்துக்கு என்று 1992இல் கட்டி, சாயக்கழிவு கலந்த அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று உழவர்கள் நீதிமன்றத்துக்குப் போன அணை அந்த ஒரத்துப்பாளையம். அந்தக் கழிவுக்காகத்தான் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நம் பாடப்புத்தகத்தில் ஜப்பானில் பாதரசக் கழிவால் மக்கள் நோயுற்ற மினமாட்டா இருக்கிறது, தெரிந்துகொள்ளட்டும், நல்லதுதான். நொய்யல் இல்லை.

அந்த வாரமே ஒரத்துப்பாளையத்துக்கு ஒரு பேருந்து கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு மணி நேரப் பயணம். பாதுகாப்புக் காரணங்களால் இயலாது என்று பதில் வந்தது. அதே மாதம் தொழிற்சாலைப் பார்வை என்று மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டு பேருந்தில் கொச்சிக்குப் போய்வந்தார்கள். முக்கால் மணி நேரம் கயிற்றுத் தொழிற்சாலை, மிச்ச இரண்டு நாள் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. அங்கே தண்ணீரில் ஆபத்து இல்லை போலிருக்கிறது. ஜூன் 5ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்குப் பிளக்ஸ் அடிக்கப் பணம் இருக்கிறது. அந்தப் பிளக்ஸில் நெகிழியைத் தவிர்ப்போம் என்று எழுதவும் நமக்குக் கூச்சம் இல்லை...

மன்னிக்கவும். கேட்க வந்தது வேறு.

பருவத்துக்கு ஒரு நாள் போதும். பெரிய பேருந்து வேண்டாம் என்றால் நகரப் பேருந்திலேயே கூட்டிப்போகிறேன், பெற்றோர் ஒப்புதல் கடிதமும் நானே வாங்குகிறேன். அணைக்கு வேண்டாமா, பக்கத்து ஓடைக்கு, குப்பைக் கிடங்குக்கு, எங்கே சொன்னாலும் சரி. மாணவர்கள் தங்கள் காலால் போய்ப் பார்த்து, தாங்கள் பார்த்ததை எழுத வேண்டும். அந்த எழுத்துக்கு அந்த 25 மதிப்பெண் போக வேண்டும். காணொலி என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஜெராக்ஸ் கடைக்காரர் காணொலிக்கும் ஒரு பிரதி தயார் செய்துவிடுவார், அவர் நம்மைவிடச் சுறுசுறுப்பு.

இந்தப் பருவத்து நோட்டுகள் வரும் 18ஆம் தேதி என் மேசைக்கு வரும். அதற்குள் உங்கள் பதில் வந்தால், குளம் வரைந்திருக்கும் நோட்டுகளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்து, வேறு எழுதி வாருங்கள் என்று சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்,
வணிகவியல் துறை