அரம் வேறு, ரம்பம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வீட்டுப் பட்டறை பற்றிய கட்டுரையைப் படித்தேன். "மில்லிங் மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள், இரும்புப் பாகங்களைத் தாமே செய்யும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. (மில்லிங் மெஷின் என்பது, சுழலும் வெட்டுப் பல்லால் இரும்பைச் செதுக்கும் இயந்திரம்.) எழுதியவர் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பேரன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரமாக என்னிடம், இரும்பைத் தேய்த்து ராவும் அரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, தன் சைக்கிள் கேரியருக்கு ஒரு கிளாம்ப் ராவிக்கொண்டிருந்தான். இதழைக் கொண்டுவந்து நீட்டி, "தாத்தா, முடியாது என்று அச்சிலேயே போட்டிருக்கிறார்களே" என்றான். பாதி ராவிய கிளாம்ப், வேலைத் துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் வாயிலேயே இன்னும் இருக்கிறது.

நான் 35 ஆண்டுகள், இரும்புப் பாகங்களை ராவிப் பொருத்தும் ஃபிட்டராக வேலை பார்த்தவன். ஐ.டி.ஐ.யில் சேர்ந்த புதிதில் பல வாரம் எங்கள் கையில் அரத்தைத் தவிர பெரிதாக எதையும் கொடுக்கவில்லை. ஒரு இரும்புத் துண்டின் ஒரே ஒரு முகத்தைச் சமமாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். திரும்பும்போது அழுத்தினால் பல் மழுங்கும். கை ஏறி இறங்கினால் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாகிவிடும். வாத்தியார் துண்டின்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தத் துண்டை எத்தனை முறை திரும்ப வாங்கினேன் என்று எனக்கே நினைவில்லை.

அதே வாத்தியார்தான் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பற்றியும் சொன்னார். இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொருந்துவதால் மட்டும் இரண்டும் சமம் என்று ஆகிவிடாது. ஒன்று குழிந்தும் மற்றது அதற்கேற்பப் புடைத்தும் இருக்கலாம். மூன்று தகடுகளை எடுத்து, மேடு தெரிவதற்காக நீலச் சாயம் தடவி மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒட்டுகிற மேடுகளைச் சுரண்டிக்கொண்டே போனால், மூன்றும் உண்மையிலேயே சமமான பிறகுதான் ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் ஒட்டும். 1840இல் விட்வொர்த் இதை அறிஞர் சபையில் எடுத்துச் சொன்னார். கையால் சுரண்டிக் கண்ட அந்தச் சமத்திலிருந்துதான் மெஷின்களின் படுக்கை நேரானது. தங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்திருந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்கு முதல் நாள், ஏற்காடு நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனர், உடைந்த வார்ப்பிரும்பு பிராக்கெட் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். காப்பிப் பழத்தின் தோல் உரிக்கும் பல்ப்பரில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பாகம் அது. பறித்த பழத்தை நாள்கணக்கில் குவித்து வைக்க முடியாது, புளித்துவிடும். சேலத்தில் லேத் பட்டறைகள் எல்லாம் பொங்கலுக்குப் பூட்டியாகிவிட்டது.

என்னிடம் பத்து மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு துண்டு இருந்தது. அதைத் தேய்த்து மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைத் தடவினேன். இரும்பின்மேல் செம்புநிறம் படிந்தால், கீறுகிற கோடு பளிச்சென்று தெரியும். "மச்சான், இதைத்தானே நாங்கள் சுண்ணாம்போடு கலந்து காப்பிச் செடிக்கு அடிக்கிறோம்" என்றார் மைத்துனர். கோட்டுக்கு வெளியே ஐந்தரை மில்லிமீட்டருக்கு ஒரு பஞ்ச் குத்தி, ஐந்து மில்லிமீட்டர் டிரில்லால் வரிசையாகத் துளை போட்டேன். துளைக்கும் துளைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சுவர்தான் மிஞ்சும். அதை உளியால் தட்டினால் வேண்டாத பகுதி தனியே கழன்று விழும். பிறகு முரட்டு அரம், அதன்பின் நைஸ் அரம். அரத்தின் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் துகள் சிக்கிக் கீறல் விழாது. போல்ட் நகரும் நீளத் துளையை மட்டும் இரண்டு மணி நேரம் ராவினேன். இரவு பதினொன்றரைக்கு, நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, அந்தத் துளையின் அகலம் இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒன்றாக இருந்தது. இன்றுவரை அதே பிராக்கெட்தான் ஓடுகிறது.

ஒரே மாதிரி நூறு பாகம் வேண்டுமென்றால் மெஷின்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் ஒரு வைஸும் நான்கு அரமும் பொறுமையும் போதும். எங்கள் ஊரைப் பற்றித் தங்கள் இதழ் எழுதும்போதெல்லாம் மாம்பழமும் இரும்பாலையும்தான் வருகின்றன. செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்கு அரம் போடுகிறவர்கள், ராவி விழும் வெள்ளித் தூளைக்கூடச் சிந்தவிடாமல் கூட்டி எடுத்து வைக்கிறார்கள். அவர்களும் ஆசையை விட்டுவிட வேண்டியவர்கள்தானா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குப் பிடி போடாத அரத்தைக் கொடுக்கக் கூடாது என்று தங்களுக்கு எழுதினேன். பிடி மாட்டும் அரத்தின் கூரான வால் உள்ளங்கையில் ஏறிய தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. கடிதத்தைப் பாதியாக வெட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். 'அரம்' என்று நான் எழுதிய இடமெல்லாம் 'ரம்பம்' என்று திருத்தியிருந்தீர்கள். ரம்பம் அறுப்பது, அரம் ராவுவது. என்னோடு வேலை பார்த்தவர்கள் தொலைபேசியில் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது தங்களைக் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம்தான். அந்தக் கட்டுரையோடு வந்த படத்தில் ஹாக்ஸா, அதாவது இரும்பு அறுக்கும் கை ரம்பத்தின் பிளேடு, முன்பின்னாக மாட்டப்பட்டிருக்கிறது. பல் கைப்பிடியைப் பார்க்கக் கூடாது, முன்பக்கம் பார்க்க வேண்டும். தள்ளும்போதுதான் அறுக்க வேண்டும். படத்தைப் பார்த்து ஒரு பையன் அப்படியே மாட்டினால் பிளேடும் வீண், அறுப்பும் கோணல். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் ஆசையை விட்டுவிடச் சொன்ன அந்த வரியையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், பேரனிடம் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால், அரத்தை அரமாகவே விட்டுவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.