வயலின் வாசித்தவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்போது விற்கும் மடிக்கணினிகளில் சி.டி. போடும் டிரைவ் அநேகமாக இல்லை. புதிய கார்களிலும் அது காணாமல் போய்விட்டது. அதனால் மார்கழிதோறும் சபா வாசலில் வாங்கிச் சேர்த்த கர்நாடக இசை சி.டி.க்களைப் பலரும் அவசர அவசரமாக எம்பி3 ஆக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பாட்டு தப்பிவிடுகிறது. ஆனால் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்று வரிசையாக நிற்கும் அந்தக் கோப்புகளில் ராகம் எது, வயலின் யார், மிருதங்கம் யார் என்ற விவரம் எதுவும் இல்லை. அது உறைக்குள் செருகியிருந்த மடிப்புத் தாளில் இருந்தது. தட்டோடு அதுவும் எடைக்குப் போய்விட்டது.

சி.டி.க்குள்ளேயே பாட்டின் பெயர் பதிந்திருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலான ஆடியோ சி.டி.க்களில் அப்படி எதுவும் இல்லை. மொத்தம் எத்தனை உருப்படிகள், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை மட்டுமே தட்டின் தொடக்கத்தில் இருக்கும். பெயர்களையும் பதிய சி.டி. டெக்ஸ்ட் என்றொரு வசதி உண்டு. நம் ஊர்த் தட்டுகளில் அது அபூர்வம். தட்டைப் போட்டதும் திரையில் பெயர்கள் வருகின்றன என்றால், மென்பொருள் அந்த அட்டவணையை இணையத்தில் உள்ள ஒரு தரவுத்தளத்துக்கு அனுப்பி, யாரோ ஒரு ரசிகர் முன்பு தட்டச்சு செய்து வைத்ததை வாங்கி வருகிறது என்று பொருள். அதில் மிருதங்க வித்வானின் பெயர் இருப்பது அரிது. பாடியவரின் பெயரே சில சமயம் இயற்றியவரின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஃப்ரீடிபி என்ற பழைய தரவுத்தளம் 2020 இல் மூடப்பட்டது. அதன் நகல்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன, பிழைகளோடு.

இத்தகைய இணையத் தரவுத்தளங்களில் நம் இசைக்கு ஓரளவு நியாயம் செய்வது மியூசிக்பிரெய்ன்ஸ். பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் நடந்த காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடக இசைத் தட்டுகளின் விவரங்களை அங்கே முறையாகச் சேர்த்தது. ஒரு கீர்த்தனைக்கு ராகம், தாளம் என்று தனிப் புலங்களே (விவரம் எழுதும் இடங்கள்) அங்கு உண்டு. ஆனாலும் அங்கிருந்து வருவதை உள்தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்.

முதலில் ஒலியைச் சரியாக எடுப்பது. டேட்டா சி.டி.யை நகலெடுப்பது போன்றதல்ல இது. டேட்டா சி.டி.யில் ஒவ்வொரு பகுதிக்கும் கூடுதல் பிழைதிருத்தம் உண்டு. படிக்க முடியாவிட்டால் கணினி பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஆடியோ சி.டி.யில் அந்தக் கூடுதல் அடுக்கு கிடையாது. கீறல் உள்ள இடத்தில் டிரைவ் அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து இட்டு நிரப்பிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மேலே போகும். அந்தப் பிசகு ஆலாபனையின் மெல்லிய இடத்தில் ‘டக்’ என்று கேட்கும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் தட்டு கையில் இருக்காது.

எனவே ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும் மென்பொருளே வேண்டும்: விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். மூன்றும் இலவசம். எடுத்து முடித்ததும் இவை அக்யூரேட்ரிப் என்ற பட்டியலில் தேடி, அதே தட்டை முன்பு எடுத்த மற்றவர்களுக்கும் இதே சரிபார்ப்பு எண் (எடுத்த ஒலியிலிருந்து கணக்கிடும் எண்) வந்ததா என்று சொல்லும். திரைப்படத் தட்டுகள் சில அதில் கிடைக்கும். சிறிய நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரித் தட்டுகள் பல கிடைக்காது. கிடைக்காவிட்டால் ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ முறையில் இரண்டு தடவை எடுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் அந்த ஒலியை நம்பலாம். வேறுபட்டால் தட்டைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் ஒலி பதிந்த பாதையிலேயே நீளமாக ஓடும். பிழைதிருத்தத்துக்கு அதுதான் மிகக் கடினம். படம் அச்சிட்ட பக்கத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஒலியைத் தாங்கும் உலோகப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு உடனே அடியில்தான் இருக்கிறது. அங்கே கீறினால் மெருகு போட்டும் மீட்க முடியாது.

கோப்பு வடிவம் ஃப்ளாக். இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். 70 நிமிடத் தட்டில் உள்ள ஒலி சுமார் 740 எம்பி. ஃப்ளாக்கில் அது ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும், ஒரு துளி ஒலியும் குறையாமல். 300 தட்டுகள் 120 ஜிபிக்குள் அடங்கிவிடும். கைப்பேசிக்கு எம்பி3 வேண்டுமானால் ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி3 இலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழியில்லை.

எம்பி3 கச்சேரிக்கு இன்னொரு கெடுதலும் செய்கிறது. ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி எண்ணில் இருக்கும் தட்டுகளில் ஒலி இடைவெளியில்லாமல் ஓடும். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (சாம்பிள்கள்) கொண்ட கட்டங்களாகப் பிரித்துப் பதிவதால் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. அதை நீக்கத் தெரியாத கருவியில் தானம் பல்லவிக்குள் நுழையும் இடத்தில் தம்புரா ஒரு நொடிப்பொழுது அறுந்து விழும். ஃப்ளாக்கில் அந்த மௌனம் சேர்வதில்லை.

இனி டேக், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் பாட்டு விவரங்கள். நேரம் இதில்தான் செலவாகும், செலவிடவும் வேண்டும். விண்டோஸில் எம்பி3டேக், எல்லா இயங்குதளங்களிலும் கிட்3 அல்லது பிக்கார்டு போதும். ஃப்ளாக்கின் டேக் முறையில் நாம் விரும்பும் பெயரில் புலம் திறந்துகொள்ளலாம். ஒரே புலத்தைப் பல முறையும் எழுதலாம். எம்பி3 இன் ஐடி3 என்ற டேக் முறையின் பழைய முதல் பதிப்பில் எல்லாமே 128 பைட்டுக்குள் அடங்க வேண்டும், தலைப்புக்கு 30 எழுத்துதான். பழைய தொகுப்புகளில் பாட்டுப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இரண்டிலும் பிரதானக் கலைஞர். கம்போசரில் பாட்டை இயற்றிய வாக்கேயக்காரர். பிறகு ராகம், தாளம், வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் ஒவ்வொன்றுக்கும் தனிப் புலம். பக்கவாத்தியக்காரர்கள் எல்லோரையும் ஆர்ட்டிஸ்ட் புலத்தில் காற்புள்ளி போட்டு அடுக்கினால் ஒவ்வொரு கச்சேரியும் ஒரு புதிய ‘கலைஞர்’ ஆகிவிடும், பட்டியல் உதவாது. நாம் திறக்கும் புலங்கள் கார் ஸ்டீரியோவிலோ கைப்பேசியிலோ தெரியாமல் போகலாம். ஆகவே தலைப்பிலும் ராகத்தைச் சேர்த்துவிடுங்கள்: ‘வாதாபி கணபதிம் – ஹம்சத்வனி – ஆதி’. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

அந்த ஹம்சத்வனியையே எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டில் ஹம்ஸத்வனி, இன்னொன்றில் அம்சத்வனி. கரகரப்பிரியாவுக்கும் தியாகராஜருக்கும் இதைவிட மோசமான நிலைமை, ஆங்கில எழுத்தில் போனால் சொல்லவே வேண்டாம். கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ராகம். இடைவெளி கூட இப்படித்தான்: ‘எம்.எஸ்.சுப்புலட்சுமி’, ‘எம். எஸ். சுப்புலட்சுமி’, ‘எம்.எஸ். சுப்புலக்ஷ்மி’ மூவரும் அதற்கு மூன்று பாடகிகள். டேக் போடத் தொடங்கும் முன்பே ராகங்களுக்கும் வாக்கேயக்காரர்களுக்கும் கலைஞர்களுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட பட்டியலை ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்தே தட்டச்சு செய்யுங்கள். ராகத்துக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ‘மேளம்’ என்று ஒரு புலம் திறந்து தாய் ராகத்தின் எண்ணைப் போடுங்கள்: தோடிக்கு 08, மோகனத்துக்கு 28, ஹம்சத்வனிக்கு 29, கல்யாணிக்கு 65. எழுத்துக்கூட்டல் எப்படிப் பிசகினாலும் எண் பிசகாது. 29 என்று தேடினால் சங்கராபரணமும் அதன் ஜன்யங்களும் (அதிலிருந்து பிறந்த ராகங்களும்) ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

தமிழ் எழுத்திலேயே ஒளிந்திருக்கும் சிக்கலையும் சொல்ல வேண்டும். யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, எளிய தேடலுக்கு வெவ்வேறு. ‘கௌ’ எழுதும்போது கடைசிக் குறிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தையே தட்டிவிடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. கௌளை ராகத்தைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த டேக்குகள் இன்று ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தொகுப்பில் சேர்க்க வேண்டும். காரின் ஸ்டீரியோ தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டினால் டேக்கை மாற்ற வேண்டாம். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், 01, 02 என்ற இரட்டை இலக்கத்தோடு வையுங்கள்.

கலைஞர் பெயரை அகர வரிசைப்படுத்தும் புலத்திலும் கவனம் தேவை. சில மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயரை ‘ஐயர்’ என்ற தலைப்பின் கீழ் எந்த ரசிகர் தேடுவார்? ஊர்ப் பெயரால் அறியப்பட்டவரை அந்த ஊர்ப் பெயரிலேயே வையுங்கள்.

இரண்டு, மூன்று தட்டுகளாக வந்த கச்சேரிக்கு ஆல்பம் பெயர் ஒன்றே இருக்க வேண்டும். தட்டின் எண்ணை டிஸ்க் நம்பர் புலத்தில் போடுங்கள். பெயரிலேயே ‘பாகம் 1’ என்று எழுதினால் வர்ணம் ஓர் ஆல்பத்திலும் மங்களம் வேறோர் ஆல்பத்திலும் கிடக்கும். ஆண்டு என்ற புலத்தில் கச்சேரி நடந்த ஆண்டு வேண்டும். பழைய பதிவுகளில் தட்டு வெளியான ஆண்டு பல பத்தாண்டுகள் பின்னால் இருக்கக்கூடும். அதைக் குறிப்புப் புலத்தில் எழுதலாம்.

திரைப்பட சி.டி.க்களில் வேலை குறைவு. ஒரே தட்டில் இரண்டு மூன்று படங்கள் இருந்தால் படத்துக்கு ஓர் ஆல்பமாகப் பிரித்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடகர்கள், லிரிசிஸ்டில் பாடலாசிரியர் என்று போட்டால் முடிந்தது. ‘ஒரே தட்டில் 100 பாடல்கள்’ வகை ஏற்கெனவே எம்பி3; அதை அப்படியே நகலெடுங்கள். ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகும், தரம் கூடாது.

ஃப்ளாக் கோப்புக்குள் மூல ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பதிந்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை சோதனை ஓட்டினால் வன்தட்டில் எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு வன்தட்டில் நகல் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். அந்த இரண்டாவது வன்தட்டு வேறொரு வீட்டில் இருப்பது நல்லது.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்பவர்கள் ஒன்றை மட்டுமாவது செய்ய வேண்டுகிறேன். தட்டை எடைக்குப் போடும் முன் உள்தாளின் எல்லாப் பக்கங்களையும் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, பாட்டுகள் உள்ள அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. டேக்கைப் பிறகு யாராவது போடுவார்கள். அந்தத் தட்டு மியூசிக்பிரெய்ன்ஸில் இல்லாவிட்டால் விவரங்களைச் சேர்த்து, முகப்புப் படத்தையும் ஏற்றுங்கள். ஒலிக்கோப்பை ஏற்ற வேண்டாம், அது உரிமைச் சிக்கல். கலைஞர்களின் பெயர்களை எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. தட்டு வெளியிட்ட நிறுவனங்களும் தங்களிடம் உள்ள உள்தாள்களின் வாசகத்தை இணையத்தில் திறந்துவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்