விக்ரம் லேண்டரோட டிராயிங் வேணுமுங்க: இஸ்ரோவுக்கு நாமக்கல்ல இருந்து ஒரு திறந்த மடல்

இஸ்ரோவுல இருக்கற ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில வெல்டிங், ஃபேப்ரிகேஷன் வேல பாக்கறேன். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் ஆறு மணி தாண்டி சந்திரயான் 3ஓட விக்ரம் லேண்டர் நிலாவுல எறங்குனப்ப பட்டறையில மிசின் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரே செல்போனச் சுத்தி நின்னு பாத்தோம், அன்னிக்கே பேசி முடிவு பண்ணுனோம், விக்ரமையும் அதுல இருந்து எறங்கி ஓடுன பிரக்யான் ரோவரையும் நெசமான அளவுலயே செஞ்சு எங்க பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல்ல நிறுத்தோணும்னு. நிலா மண்ணு மாதிரியே மண்ணு வேணும்னு நீங்க தேடுனப்ப கெடச்சது எங்க மாவட்டத்து சித்தம்பூண்டி, குன்னமலை பாறதானுங்களே. அந்தக் கல்ல அரச்ச மண்ணுலதான டெஸ்ட்டெல்லாம் பண்ணுனீங்க. அந்த ஊர்ப் புள்ளைங்க தொட்டுப் பாக்கறதுக்கு ஒண்ணு இங்க இருக்கோணும்.

பைப், ஷீட்டு, கூலி எதுவும் பிரச்சன இல்லீங்க, ஆளாளுக்குப் போட்டுக்கறோம். அளவுதான் கெடைக்கல. நீங்க வெளியிட்டது லேண்டர் 2000க்கு 2000க்கு 1166 மில்லிமீட்டர், ரோவர் 917க்கு 750க்கு 397. அது பொட்டி அளவு. கால் எந்தச் சாய்வுல விரியுது, பாதத் தட்டு எத்தன அகலம், பிரக்யான் எறங்கி வந்த சாய்வுப் பலகையோட கீல் எங்க உக்காருது, இதெல்லாம் அதுல இல்ல.

ஆகஸ்ட் 30 பிரக்யான் எடுத்த விக்ரம் படத்த ஏ3ல பிரின்ட் போட்டு ஸ்கேல் வெச்சுப் பாத்தோம். மேல் விளிம்ப 2 மீட்டர்னு வெச்சுக் கணக்குப் போட்டா கேமராவுக்குக் கிட்ட இருக்கற காலு ஒரு நீளம், தள்ளி இருக்கறது வேற நீளம். இன்னொரு படத்துல அளந்தா அதே காலு நாலு இஞ்ச் வித்தியாசம். லாரி பாடியில கால் இஞ்ச் பிசகுனாலே கதவு சாத்தாது, நாலு இஞ்ச வெச்சுக்கிட்டு எங்க போயி வெட்டறது. நெட்டுல கெடைக்கற 3டி மாடல்ல சிலது சந்திரயான் 2ஓடது, நடுவுல அஞ்சாவது என்ஜின் இருக்கும், எறங்குன விக்ரம்ல நாலுதான். தப்பானத செஞ்சு ஸ்கூல்ல நிறுத்த மனசு வரல.

நாங்க கேக்கறது என்ஜினோ சென்சாரோ சாஃப்ட்வேரோ இல்லீங்க. வெளித்தோற்றத்துக்கு முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம்னு மூணு டிராயிங், அப்புறம் ரோவரோட ஆறு சக்கரத்தையும் தாங்கற கை எந்த எடத்துல திரும்புதுங்கற அளவு, அவ்வளவுதான். அந்தத் திரும்பற எடம் சரியா இருந்தாத்தான் ஒரு சக்கரம் கல்லு மேல ஏறறப்ப மத்த அஞ்சும் தரையில நிக்கும், புள்ளைங்களுக்கு நான் காட்டணும்னு நெனைக்கறதே அதத்தான். அமெரிக்காவுல நாசாவோட ஜேபிஎல் ஆய்வுக்கூடம் 2018லயே படிக்கற புள்ளைங்க செய்யற மாதிரி ஒரு ஆறு சக்கர ரோவருக்கு டிராயிங், பார்ட்ஸ் லிஸ்ட் எல்லாத்தையும் பொதுவுல போட்டாங்க. பிரக்யானுக்கும் அப்படி ஒண்ணு நீங்க போட்டா நாங்க மட்டுமில்ல, எந்த ஊர்ப் பட்டறையும் செய்யும்.

சந்திரயான் 3க்குத் திட்ட இயக்குநரா இருந்த வீரமுத்துவேல் ஐயா விழுப்புரத்துக்காரர், கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து வந்தவங்களோட கஷ்டம் அங்க இருக்கறவங்களுக்கு நாங்க சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

எல்லாத்தையும் ஒண்ணா குடுக்க முடியலைன்னாலும் பரவால்லீங்க, மொதல்ல காலோட டிராயிங் மட்டும் குடுங்க. பைப்பு வாங்கி வெச்சாச்சு, அத வெட்டறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.