அந்தக் குதிரைப்படை வீரனை லகோட்டா வாசலுக்கு அனுப்புங்கள்
அமெரிக்க எல்லைப்புறக் கிறிஸ்தவக் காதல் நாவல்களின் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பூர்வகுடியினரான லகோட்டா மக்கள் 1890-இல் கொல்லப்பட்ட வூண்டட் நீ படுகொலையில் பங்கெடுத்த குதிரைப்படை அதிகாரி ஒருவனை நாயகனாகக் கொண்ட கிறிஸ்தவக் காதல் நாவலுக்கு 2021-இல் அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் விருது அளித்ததும், எதிர்ப்பு எழுந்தபின் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அந்தச் சங்கமே 2024-இல் திவால் மனு கொடுத்துவிட்டது. ஆயினும் அத்தகைய கதைகளின் போக்கு இன்னும் மாறவில்லை. நாயகன் கொல்கிறான், மனங்கசந்து அழுகிறான், கர்த்தரிடம் மன்னிப்புப் பெறுகிறான், கதாநாயகியின் அன்பில் ஆறுதல் அடைகிறான். கொல்லப்பட்டவர்களின் வாசலுக்கு மட்டும் அவன் போவதே இல்லை. அவனை அங்கே அனுப்புங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீயில் அமெரிக்க ராணுவத்தின் ஏழாம் குதிரைப்படை சுட்டுக் கொன்ற லகோட்டா மக்கள் 250-க்கும் மேற்பட்டவர்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் ஏராளம். காயத்தோடு பிழைத்தவர்களைப் பைன் ரிட்ஜ் என்ற ஊரில் இருந்த எபிஸ்கோப்பல் கிறிஸ்தவ ஆலயத்துக்குக் கொண்டுவந்து, இருக்கைகளை அகற்றிவிட்டு, தரையில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய பசுந்தழைத் தோரணங்கள் அப்போதும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தோரணங்களின் கீழ் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர் சார்லஸ் ஈஸ்ட்மன், தம் மக்களிடையே ஓஹியேசா என்று அறியப்பட்ட, லகோட்டாக்களின் உறவினமான டகோட்டா இனத்து மருத்துவர், கிறிஸ்தவர். பனிப்புயல் ஓய்ந்தபின், 1891 புத்தாண்டு நாளில், எவரேனும் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று படுகொலைக் களத்துக்குத் தேடிப் போனவர்களிலும் அவர் இருந்தார். ஆலயத்தில் அவரோடு நின்று காயம்பட்டவர்களைப் பேணியவர்களுள் ஒருவர் எலெய்ன் குட்டேல். நியூ இங்கிலாந்திலிருந்து ஆசிரியையாக வந்தவர், கவிஞர். அந்த மருத்துவரோடு அவருக்குத் திருமணம் நிச்சயமாகிச் சில நாள்களே ஆகியிருந்தன. 1891 ஜூனில் இருவரும் நியூயார்க்கில் திருமணம் செய்துகொண்டார்கள்.

எல்லைப்புறமும் விசுவாசமும் காதலும் ஒருங்கே வேண்டுமென்றால் அந்த ஆலயத்திலேயே அவை இருந்தன. பிற்காலத்தில் அந்தத் தம்பதி பிரிந்தார்கள் என்பது உண்மைதான். இனிய முடிவு வேண்டும் என்ற உங்கள் வணிக விதிக்கு அது ஒத்துவராமல் போகலாம். ஆனால் அதற்கு மாற்றாகத் துப்பாக்கி பிடித்தவனைத் தேர்ந்தெடுத்து, அவனுடைய தூக்கம் கெட்டதைத்தான் அந்த நாளின் பெருந்துயரமாக வாசகருக்குக் காட்ட வேண்டுமா?

பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய், திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்னான். உங்கள் நாயகர்களோ திருப்பிக் கொடுப்பதில்லை. குடியேறிகளுக்கு நிலம் வழங்கிய 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 160 ஏக்கரைப் பெற்றுக்கொண்டு, அந்நிலம் அதற்குமுன் யாருடையது என்று கேட்காமலே உணவுமேசையில் நன்றி ஜெபம் செய்கிறார்கள். ரயிலில் வந்திறங்கும் மணப்பெண்ணுக்கும் அந்தக் கேள்வி தோன்றுவதில்லை. ஒட்டுத்துணிப் போர்வை தைக்க நூறு பக்கம் ஒதுக்கும் உங்களுக்கு, லகோட்டாக்களின் நிலத்துக்கு அமெரிக்க அரசு உறுதியளித்து 1868-இல் கையெழுத்தான லாரமி கோட்டை ஒப்பந்தத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கவும் காகிதம் போதவில்லை போலும்! அரசும் உங்களைப் போலவே நடந்துகொள்கிறது. வூண்டட் நீ வீரர்களுக்கு அளித்த உயரிய பதக்கங்கள் திரும்பப் பெறப்படமாட்டா என்று 2025 செப்டம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் அறிவித்தார்.

சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். இத்தகைய கதைகளை நிறுத்திவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஜெபமும் காதலும் ஒன்றாக வரும் நாவல்களை விரும்பிப் படிக்கும் வாசகர்களில் நானும் ஒருவர். படுகொலையில் பங்கெடுத்தவன் நாயகனாகத்தான் வேண்டுமென்றால், அவனைக் கொல்லப்பட்டவர்களின் உறவினர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். அவர்கள் மன்னிக்க மறுக்கும் உரிமையையும் கதைக்குள் வையுங்கள். அத்தகைய கையெழுத்துப் பிரதியை அச்சுக்கு அனுப்புமுன், லகோட்டா வாசகர் ஒருவரிடம் உரிய ஊதியத்தோடு படிக்கக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்